காந்தம் வாங்காத பட்டறையைக் காந்தத் தட்டுப்பாடு நிறுத்திய விதம்: ஓசூரிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஓசூர் சிட்கோ தொழிற்பேட்டையில் இருக்கும் அந்தப் பட்டறை இதுவரை ஒரு காந்தத்தைக்கூட விலை கொடுத்து வாங்கியதில்லை. மின்சார ஸ்கூட்டர் மோட்டாரின் சுழலும் பாகமான ரோட்டாரைத் தாங்கும் தண்டை, அதாவது ரோட்டார் ஷாஃப்டை, கடைந்து கொடுப்பது அதன் வேலை. உருக்குக் கம்பி வரும், கணினியால் இயங்கும் சி.என்.சி. லேத்தில் கடைசல் நடக்கும். சூடேற்றிக் கடினமாக்கும் ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு வெளியே போய்த் திரும்பும். கிரைண்டிங் முடிந்ததும் எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் தட்டில் அடுக்கி, மோட்டார் செய்யும் நிறுவனத்துக்கு வேனில் ஏற்றுவார்கள். அந்த நிறுவனம்தான் ஷாஃப்டின் மேல் ரோட்டாரைப் பொருத்திக் காந்தங்களைச் செருகுகிறது. 2025 கோடையில் சீனாவிலிருந்து காந்தம் வருவது தடைப்பட்டபோது, இந்தப் பட்டறையின் லேத்துகளில் பாதிக்கு மேல் நின்றுபோயின.

பட்டறையின் பெயரோ மோட்டார் நிறுவனத்தின் பெயரோ வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். "வாங்குகிறவர் படித்துவிட்டால் அடுத்த மாத செட்யூலில் தெரிந்துவிடும் சார்" என்றார். செட்யூல் என்பது வாங்கும் நிறுவனம் மாதாமாதம் அனுப்பும் ஆர்டர் தாள். அந்த ஒரு வரியே இந்த ஆய்வுக்குப் பாதி முன்னுரை.

அந்தக் காந்த நெருக்கடியைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அமைச்சர்கள் பேசினார்கள், கார் நிறுவனங்கள் அறிக்கை விட்டன, 'சீனாவுக்கு மாற்று' என்ற முழக்கம் தலைப்புகளில் ஓடியது. நான் பார்க்க விரும்பியது வேறு. விநியோகச் சங்கிலியின் மீள்திறன் என்று கருத்தரங்குகளில் சொல்லப்படுவது, தொழிற்பேட்டைக்கு வந்து பார்த்தால், பெரும்பாலும் யாரோ ஒருவருடைய கொட்டகையில் அடுக்கி வைக்கப்பட்ட சரக்கு. அந்தச் சரக்கு யாருடைய பணத்தில் நிற்கிறது என்ற கேள்விக்கு விடை தெரியாமல் அந்தச் சங்கிலியின் வலிமையை அளக்க முடியாது.

ஒரே மாவட்டம், மூன்று பெரிய பெயர்கள்

வண்டித் தொழிலுக்கு ஓசூர் புதிய ஊர் அல்ல. அசோக் லேலண்டின் லாரி ஆலையும் டி.வி.எஸ். மொபெட் ஆலையும் 1980ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே இங்கு வந்துவிட்டன. அப்போது இது தருமபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல். பெட்ரோல் வண்டிகளுக்காக வளர்ந்த கடைசல் பட்டறைகளும் பிரஸ் ஷாப்புகளும் அலுமினிய வார்ப்புக் கூடங்களும் இருந்ததால்தான் மின்சார வண்டிக்காரர்களும் இங்கே தேடி வந்தார்கள். ஏதர் 2021 தொடக்கத்தில் ஓசூரில் ஆலை திறந்தது. ஓலா போச்சம்பள்ளி அருகே 500 ஏக்கரில் இறங்கியது. சிம்பிள் எனர்ஜி சூளகிரிப் பக்கம் வந்தது. டி.வி.எஸ். ஐக்யூப் ஸ்கூட்டரும் ஓசூரில்தான் தயாராகிறது.

நாட்டின் மின்சார ஸ்கூட்டர் சந்தையில் முன்வரிசையில் இருந்த மூன்று பெயர்கள் (டி.வி.எஸ்., ஏதர், ஓலா) ஒரே மாவட்டத்துக்குள். மேடையில் பேசுகிறவருக்கு இது பெருமை. சரக்குக் கணக்குப் பார்க்கிறவருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும் செய்தி. ஒரு பொருள் தட்டுப்பட்டால் மூன்று ஆலைகளின் செட்யூலும் ஒரே வாரத்தில் குறையும். மூவருக்கும் வேலை செய்யும் பட்டறைக்கு, ஒருவர் போனால் இன்னொருவர் என்ற தெம்பு கிடையாது. பல வாடிக்கையாளர்களை வைத்துக்கொள் என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் அறிவுரை. அத்தனை வாடிக்கையாளர்களும் ஒரே காந்தத்துக்குக் காத்திருந்தால் அது ஒரே வாடிக்கையாளர்தான்.

போக்குவரத்தும் இப்படித்தான். பெங்களூரு–சேலம் நெடுஞ்சாலையும் சென்னையிலிருந்து வரும் நெடுஞ்சாலையும் கிருஷ்ணகிரியில் கூடுகின்றன. கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் நிலையம் இல்லை. தெற்கே தொப்பூர் கணவாய், வடமேற்கே கர்நாடகத்துக்குள் நுழையும் அத்திப்பள்ளி எல்லை. இந்த இரண்டில் எது அடைத்தாலும் ஊரே காத்திருக்க வேண்டியதுதான்.

தடை அல்ல, காகிதம்

2025 ஏப்ரல் 4 அன்று சீன அரசு ஏழு அரிய மண் தனிமங்களையும் அவற்றைச் சேர்த்துச் செய்த காந்தங்களையும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது: சமாரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம், லுட்டீசியம், ஸ்காண்டியம், இட்ரியம். பட்டியலில் நியோடிமியம் இல்லை. ஸ்கூட்டர் மோட்டாரில் இருப்பதோ நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்த காந்தம். அப்படியானால் நமக்கென்ன என்று முதல் வாரத்தில் நினைத்தவர்கள் உண்டு.

சிக்கல் வெப்பத்தில் இருந்தது. மேம்பாலம் ஏறும் ஸ்கூட்டரின் மோட்டார் நன்றாகச் சூடேறும். அந்தச் சூட்டில் காந்தம் தன் வலுவை இழந்துவிடாமல் இருக்க, அதில் சிறிதளவு டிஸ்ப்ரோசியமோ டெர்பியமோ கலக்கிறார்கள். அந்தச் சிறிதளவு போதும். காந்தம் முழுதும் உரிமப் பட்டியலுக்குள் போய்விட்டது. உலகின் அரிய மண் காந்தங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது சீனாவில் தயாராகின்றன. வேறு கடைக்குப் போவோம் என்று சொல்ல வேறு கடையே இல்லை.

சட்டப்படி அது தடை அல்ல, உரிமம். போர்க்கருவிகளுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று இறுதிப் பயனர் சான்று கொடுக்க வேண்டும். அது இங்குள்ள அரசு அலுவலகத்திலும் சீனத் தூதரகத்திலும் ஒப்புதல் பெற்று, பிறகு சீனாவில் உள்ள விற்பனையாளர் வழியாக அங்குள்ள அமைச்சகத்துக்குப் போக வேண்டும். விண்ணப்பங்கள் மாதக்கணக்கில் கிடந்தன. தடை என்றால் அதற்கேற்பத் திட்டமிடலாம். இன்று வரும், நாளை வரும் என்ற நிலையில் யாராலும் எதையும் திட்டமிட முடியாது. வாங்குகிற நிறுவனம் செட்யூலை ரத்தும் செய்யாது, உறுதியும் செய்யாது.

ஜப்பானில் சுசுகி தன் ஸ்விஃப்ட் காரின் உற்பத்தியைச் சில நாட்கள் நிறுத்தியது. மாருதி, புதிதாக வரவிருந்த இ-விட்டாரா மின்சாரக் காரின் முதல் அரையாண்டு இலக்கை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கியதாக ஜூனில் செய்தி வந்தது. ஆகஸ்டில் தங்கள் மின்வாகன உற்பத்தி முற்றிலும் நின்றுபோகலாம் என்று பஜாஜ் ஆட்டோ நிர்வாக இயக்குநர் ராஜீவ் பஜாஜ் வெளிப்படையாகவே சொன்னார். இவையெல்லாம் செய்தித்தாளில் வந்தவை. சிட்கோ பேட்டைக்குச் செய்தித்தாள் போய்ச் சேரும் முன்பே தெரிந்துவிட்டது: வேன் வரவில்லை.

கொட்டகையில் நின்ற பணம்

செட்யூல் என்பது எப்படி வேலை செய்கிறது என்று வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். மாதக் கடைசியில் வாங்கும் நிறுவனத்திடமிருந்து ஒரு தாள் வரும். அடுத்த மாதத்துக்கான எண்ணிக்கை உறுதியானது. அதற்கடுத்த இரண்டு மாதங்களுக்கு எழுதியிருப்பது உத்தேசம். உத்தேசத்துக்கு யாரும் பொறுப்பல்ல என்று தாளின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். ஆனால் உருக்குக் கம்பி வாங்கி, வெட்டி, கடைந்து, ஹீட் ட்ரீட்மென்ட் முடித்து, கிரைண்டிங் செய்து கொடுக்க ஆகும் காலம் ஒரு மாதத்தைத் தாண்டுகிறது. ஆகவே பட்டறைக்காரர் உத்தேசத்தை நம்பித்தான் கம்பி வாங்கியாக வேண்டும். உறுதியானது வரும்வரை காத்திருந்தால், கொடுக்க வேண்டிய நாளில் கையில் ஒன்றும் இருக்காது. வாங்குகிறவரின் உற்பத்தி லைன் நின்றால் அபராதமும் அவர் தலையில் விழும்.

ஜூன் செட்யூல் வழக்கம்போல் வந்தது. இரண்டாம் வாரத்தில் தொலைபேசியில், "அனுப்ப வேண்டாம், நாங்கள் சொல்லும்போது அனுப்புங்கள்" என்றார்கள். எழுத்தில் எதுவும் வரவில்லை. பட்டறையில் அப்போது முடிந்த சரக்கு, பாதி முடிந்த சரக்கு, கர்நாடக எல்லை தாண்டி ஜிகணியில் ஹீட் ட்ரீட்மென்ட்டில் இருந்த சரக்கு, வெட்டாத கம்பி என நான்கு இடங்களில் பணம் நின்றது.

அங்கே போனபோது ஃபோர்மேன் ஒரு தட்டை இழுத்து வைத்து, ஷாஃப்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துருத்தடுப்பு எண்ணெய் தடவிய சரக்குதான். ஆனால் அந்த எண்ணெய் சில வாரங்களுக்கானது; ஆடி மாதச் சாரலும் ஓசூரின் ஈரக்காற்றும் அதற்கு மேல் பொறுக்கவில்லை. பேரிங் உட்காரும் இடத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். ஊசிமுனை அளவில் இரண்டு பழுப்புப் புள்ளிகள். சில மைக்ரான் அளவுக்குள் கிரைண்டிங் செய்த பரப்பு அது. புள்ளியைத் தேய்த்தால் அளவு போய்விடும். தேய்க்காவிட்டால் வாங்குகிறவரின் ஆய்வில் ரிஜக்‌ஷன். அந்த ஷாஃப்டை எடுத்துச் சிவப்புப் பெட்டியில் போட்டார். "இதைக் கெடுத்தது நாமும் இல்லை, அவர்களும் இல்லை அண்ணா" என்று உரிமையாளரிடம் சொன்னார். அவர்கள் தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொள்வார்கள், ஜிகணிக்காரரிடம் கன்னடம், எனக்காகத் தமிழ். ஓசூரில் இது யாருக்கும் வியப்பில்லை.

சரக்கு முடங்கியது இழப்பின் ஒரு பாதி. மறு பாதி ஆட்கள். ஓவர்டைம் நின்றவுடன் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருந்த இளைஞர்கள் வேறு இடம் பார்த்தார்கள். அவர்களைக்கூடத் திரும்பப் பிடித்துவிடலாம். போகக் கூடாதவர் ஒருவர் போனார்: தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரரான செட்டர். லேத்தில் டூலை அமைத்து, முதல் உருப்படியை அளந்து சரிபார்த்து ஓட்டிக்கொடுப்பவர் அவர். ஒரு பட்டறையின் திறமை பெரும்பாலும் அப்படிப்பட்ட இரண்டு மூன்று பேரின் விரல்களில் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், 350 சிசிக்கு உட்பட்ட பெட்ரோல் இருசக்கர வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, விற்பனை எகிறியது, பெட்ரோல் வண்டிக்கு வேலை செய்யும் பட்டறைகள் செட்டர்களைத் தேடி அலைந்தன. காந்தம் கொஞ்சம் கொஞ்சமாக வரத் தொடங்கி, வாங்கும் நிறுவனம் "உடனே அனுப்புங்கள்" என்று அவசரப்படுத்தியபோது, இந்தப் பட்டறையில் கம்பி இருந்தது, லேத் இருந்தது, ஓட்ட ஆள் இல்லை.

மீள்திறன் பற்றிய விளக்கப் படங்களில் ஒரு கோடு கீழே விழுந்து, வந்த வழியே அழகாக மேலே ஏறும். தரையில் அது ஏறவில்லை. விழும்போது கழன்றுபோன ஒரு செட்டரின் இடத்தை நிரப்ப மாதங்கள் ஆகின்றன.

சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத சரக்கு

சிறு தொழிலைக் காக்க நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்கிறது. அது ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்ததால், வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் ஓர் உட்பிரிவு சேர்த்தார்கள்: காலத்தில் கொடுக்காத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்டி வரிச் சலுகை பெற முடியாது. 2024 ஏப்ரல் 1 முதல் இது நடப்புக்கு வந்தது. பில்களை ஏலம் போல் வங்கிகளிடம் தள்ளுபடி செய்து முன்கூட்டியே பணம் பெறும் டிரெட்ஸ் தளமும் இருக்கிறது; 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் அதில் சேர வேண்டும்.

இவை எல்லாமே பில்லைக் காப்பாற்றுகின்றன. பொருள் வாங்குபவரிடம் போய்ச் சேர்ந்து, அவர் ஏற்றுக்கொண்ட பிறகுதான் 45 நாள் எண்ணிக்கை தொடங்குகிறது. "அனுப்ப வேண்டாம்" என்று சொல்லப்பட்ட சரக்குக்குப் பில் இல்லை. பில் இல்லாததால் தாமதம் இல்லை. தாமதம் இல்லாததால் புகார் இல்லை. அந்தக் கோடையில் பட்டறையில் முடங்கிய பணத்தில் ஒரு ரூபாயைக்கூட இந்தச் சட்டங்களால் தொட முடியவில்லை.

இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. பெரிய ஆலையின் அருகே ஒரு கிடங்கு. சப்ளையர்கள் தங்கள் சரக்கை அங்கே கொண்டுவந்து வைக்க வேண்டும். லைனுக்கு எடுக்கும் நிமிடம் வரை அது சப்ளையரின் சொத்து. எடுத்த பிறகுதான் பில். ஆலையின் ஆண்டறிக்கையைப் பார்த்தால் கையிருப்பு மிகக் குறைவாக, நிர்வாகம் மிகத் திறமையாகத் தெரியும். கையிருப்பு எங்கும் போய்விடவில்லை. அடுத்தவர் கணக்கில், அடுத்தவர் வட்டியில் நிற்கிறது. வட்டி விகிதத்தில் பெரிய நிறுவனத்துக்கும் சிறு பட்டறைக்கும் உள்ள இடைவெளியை நினைத்தால், நாட்டின் மொத்தச் செலவுக் கணக்கில்கூட இது புத்திசாலித்தனம் அல்ல. மலிவான பணம் உள்ளவர் சரக்கை வைத்திருக்க வேண்டும். இங்கே தலைகீழாக நடக்கிறது.

எவ்வளவு பெரிய தொகை இது? ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஷாஃப்ட் ஒன்று 180 ரூபாய், மாதம் 10,000 உருப்படி என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து நாள் கூடுதல் கையிருப்பு என்பது 9 லட்சம் ரூபாய். 11 சதவீத வட்டிக்கு ஆண்டுக்கு 99,000 ரூபாய். ஆண்டின் 1,20,000 உருப்படிகளுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 83 காசு. ஆண்டுதோறும் வாங்கும் நிறுவனம் கேட்கும் விலைக் குறைப்பு 2 சதவீதம் என்றால் அது 3 ரூபாய் 60 காசு. 83 காசைச் சேர்த்துக் கொடுத்து அரை மாதத் தாங்குதிறனை வாங்குவதா, 3 ரூபாய் 60 காசைப் பிடுங்கி அதை இழப்பதா என்ற முடிவு கொள்முதல் மேசையில் ஆண்டுதோறும் எடுக்கப்படுகிறது. எடுக்கிறவருடைய மதிப்பீட்டுப் படிவத்தில் விலைக் குறைப்புக்கு ஒரு கட்டம் இருக்கும். தாங்குதிறனுக்குக் கட்டம் இருந்து நான் பார்த்ததில்லை.

இது முதல் அடி அல்ல

இந்தத் தொழில் பகுதிக்கு அடி விழுவது புதிதல்ல. 2016 செப்டம்பர் 12 அன்று காவிரிப் பிரச்சினையில் பெங்களூரு எரிந்தது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்களுக்கும் லாரிகளுக்கும் தீ வைத்தார்கள். பல நாட்கள் தமிழ்நாட்டு வண்டிகள் எல்லை ஊரான ஜூஜூவாடியோடு நின்றன. பயணிகள் மூட்டை முடிச்சோடு எல்லையை நடந்து கடந்தார்கள். பயணி நடந்துவிடுவார். ஹீட் ட்ரீட்மென்ட்டுக்குப் போன ஷாஃப்ட் நடக்காது. ஓசூரிலிருந்து ஜிகணியும் பொம்மசந்திராவும் கூப்பிடு தூரம் என்பதால் சூடேற்றல், முலாம் பூசுதல் போன்ற வேலைகளைப் பாதிப் பேர் அங்கே கொடுத்திருந்தார்கள். அண்மை என்பது பாதுகாப்பு என்று நினைத்த ஊருக்கு, நடுவில் ஓர் எல்லைக்கோடு இருப்பது அன்று நினைவுக்கு வந்தது. எல்லை திறந்ததும் மறந்தும் போனது. அதே ஜிகணியில்தான் 2025இலும் சரக்கு கிடந்தது.

2021இல் சிப் தட்டுப்பாடு. கோவிட் ஊரடங்கில் கார் நிறுவனங்கள் ஆர்டரைக் குறைத்தன. சிப் ஆலைகள் அந்த இடத்தை மடிக்கணினிக்கும் தொலைபேசிக்கும் கொடுத்துவிட்டன. பிறகு பிப்ரவரியில் டெக்சஸ் பனிப்புயல், மார்ச்சில் ஜப்பானில் சிப் நிறுவனமான ரெனெசாஸின் நாகா ஆலையில் தீ. அதைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காந்தக் கதையின் ஒத்திகை அது, அவ்வளவுதான்.

2024 டிசம்பர் தொடக்கம் வேறு மாதிரி. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, வலுவிழந்து உள்ளே வந்தது. கடலுக்கு இவ்வளவு தொலைவில் உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரிகள் நிரம்பி வழிந்து, ஊத்தங்கரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் இழுத்துப்போன காட்சியை நாடே பார்த்தது. 2015 சென்னை வெள்ளத்தில் கார் ஆலைகள் நின்றபோது, நாம் மேட்டில் இருக்கிறோம் என்ற எண்ணம் இங்கே பலருக்கு இருந்தது. ஒரே இரவில் அது கரைந்தது. அந்த மழைக்குப் பிறகு இந்தப் பட்டறை உரிமையாளர் செய்த ஒரே மாற்றம், கம்பிக் கட்டுகளைத் தரையிலிருந்து ஓர் அடி உயர மேடையில் ஏற்றியது. சின்ன வேலை, செய்து முடித்தார். பெரிய வேலைகள் அவர் கையில் இல்லை.

பேச்சுவார்த்தையில் கிடைத்ததும் கிடைக்காததும்

செப்டம்பரில் மோட்டார் நிறுவனம் தன் சப்ளையர்களை அழைத்தது. அழைத்ததற்குக் காரணம் கருணை அல்ல. காந்தம் வரத் தொடங்கிய வாரத்தில் மூன்று சிறு பட்டறைகளிலிருந்து பாகங்கள் வராமல் லைன் மறுபடி நின்றது. காந்தம் இருந்தது, ஷாஃப்ட் இல்லை. ஜூனில் ஷாஃப்ட் இருந்தது, காந்தம் இல்லை. மோட்டார் என்பது முழு செட்; ஒன்று குறைந்தாலும் மற்றதெல்லாம் வெறும் இரும்பு.

பேரம் பேசி எடுத்த முடிவுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: உத்தேசச் செட்யூலை நம்பி வாங்கிய கம்பிக்கு அறுபது நாள் அளவு வரை வாங்கும் நிறுவனம் எழுத்தில் பொறுப்பேற்றது. அதாவது செட்யூல் குறைந்தால், அந்தக் கம்பியின் விலையை அவர்கள் தருவார்கள். முடிந்த சரக்குக்கும் அப்படி ஒரு பொறுப்பைப் பட்டறைக்காரர்கள் கேட்டார்கள். கிடைக்கவில்லை. "கணக்குத் துறை ஒப்புக்கொள்ளாது" என்பது பதில். கணக்குத் துறை என்பது கடவுளைப் போல. யாரும் நேரில் பார்த்ததில்லை, எல்லோரும் அதன் பெயரால் மறுப்பார்கள்.

இரண்டாவது முடிவு உரிமையாளரே எடுத்தது. யோசித்துப் பார்த்தால் மொத்த ஆய்விலும் புத்திசாலித்தனமான அசைவு இதுதான். கையிருப்பை முடிந்த ஷாஃப்டாக வைப்பதை நிறுத்திவிட்டார். கடைசல் முடித்து, ஹீட் ட்ரீட்மென்ட்டும் முடித்து, கிரைண்டிங்குக்கு முன்னால் நிறுத்துகிறார். மேற்பரப்பில் இன்னும் சிறிது உலோகம் மிச்சம் இருப்பதால் ஊசிமுனைத் துரு வந்தாலும் கிரைண்டிங்கில் போய்விடும். அதோடு, அவர் கொடுக்கும் இரண்டு மாடல் ஷாஃப்டுகளும் அதுவரை ஒன்றுதான். பேரிங் அளவு கிரைண்டிங்கில்தான் பிரிகிறது. எந்த மாடலுக்கு அழைப்பு வருகிறதோ அதற்கேற்ப மூன்று நாளில் முடித்துக் கொடுக்கலாம். ஒரே பணத்தில் இரண்டு மாடலுக்கும் கையிருப்பு. பாடப்புத்தகங்கள் இதற்குப் பெரிய பெயர் வைத்திருக்கின்றன. இவர் துருவைப் பார்த்துக் கண்டுபிடித்தார்.

மூன்றாவது, எல்லைக்கு இந்தப் பக்கம் இரண்டாவது ஹீட் ட்ரீட்மென்ட் கூடம். சொல்ல எளிது. புதிய கூடத்தில் சூடேற்றிய மாதிரிகளின் கடினத்தன்மையைச் சோதித்து, மோட்டாரில் பொருத்தி ஓட்டிப் பார்த்து, வாங்கும் நிறுவனத்தின் தரப் பிரிவு கையெழுத்துப் போட வேண்டும். சோதனைச் செலவு பட்டறைக்காரர் தலையில். ஜிகணிக்காரருக்கு வேலை குறைந்தால் அவர் கிலோ விலையை ஏற்றிவிடுவார் என்ற பயமும் உண்டு. ஆகவே ஐந்தில் ஒரு பங்கு சரக்கை மட்டும் இங்கே கொடுக்கிறார், கைப்பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க. மாற்று வழி என்பது காகிதத்தில் இருந்தால் போதாது, மாதாமாதம் ஓட வேண்டும் என்பது அவர் கட்சி. சரியான கட்சி.

பெட்ரோல் வண்டிக்கும் டிராக்டருக்குமான கடைசல் வேலைகளையும் இப்போது ஏற்கிறார். லாபம் குறைவு. ஆனால் செட்டருக்கு எல்லா மாதமும் வேலை இருக்கும்.

டொயோட்டாவிடம் பார்க்க வேண்டியது

மீள்திறன் என்றதும் எல்லோரும் டொயோட்டாவைக் காட்டுவார்கள். பெரும்பாலும் தவறான பக்கத்தைக் காட்டுவார்கள். ஜப்பானில் 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்த நிறுவனம், தன் நேரடிச் சப்ளையர்களோடு நிற்காமல், அவர்களுக்குச் சப்ளை செய்பவர்கள், அவர்களுக்கும் கீழே இருப்பவர்கள் என்று படிப்படியாக இறங்கி எந்தப் பாகம் எங்கே தயாராகிறது என்ற பட்டியலைத் தயாரித்தது. எந்தப் பாகம் தட்டுப்பட்டால் மீள நெடுங்காலம் ஆகுமோ அதற்கு மட்டும் அதிகக் கையிருப்பு வைக்கச் சொன்னது. சிப்புகளுக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை. 2021இன் முதல் மாதங்களில் மற்றவர்கள் தள்ளாடியபோது அது நின்றதற்கு இது காரணம். எல்லாவற்றையும் குவித்து வைக்கவில்லை என்பது கவனிக்க வேண்டியது.

எனக்கு அதைவிட 1997 பிடிக்கும். பிப்ரவரி 1ஆம் தேதி அதிகாலையில் ஜப்பானின் கரியா நகரில், டொயோட்டாவின் சப்ளையரான ஐசின் நிறுவனத்தின் ஆலை எரிந்தது. டொயோட்டா கார்களின் பிரேக்கில் வரும் ஒரு சிறிய வால்வு ஏறத்தாழ முழுக்க அங்கிருந்துதான் வந்தது. டொயோட்டாவின் லைன்கள் நின்றன. ஐசின் தன் வரைபடங்களை எடுத்து, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது. தையல் இயந்திரம் செய்யும் பிரதர் நிறுவனம்கூட வால்வு கடைந்தது. சில நாட்களில் உற்பத்தி மீண்டது. யார் எவ்வளவு செலவழித்தார்கள் என்ற கணக்கைப் பிறகு பார்த்துக்கொண்டார்கள். அந்தப் 'பிறகு' நிச்சயம் வரும் என்று எல்லோரும் நம்பியதால் அது நடந்தது.

ஓசூரில் இயந்திரங்களுக்குக் குறைவில்லை. ஒரு பட்டறை எரிந்தால் அதே ஷாஃப்டைக் கடையக்கூடிய லேத்துகள் அடுத்த தெருவிலேயே இருக்கின்றன. வரைபடம் நகராது. அடுத்தவன் விலையை உடைத்துவிடுவான் என்ற பயம் நியாயமானது, ஏனென்றால் வாங்குகிறவர்கள் அதைத்தான் செய்திருக்கிறார்கள். ஓசூர் சிறு, குறுந்தொழில்கள் சங்கமான ஹோஸ்டியா போன்ற அமைப்பு நடுவில் இருந்து, எந்தப் பட்டறையில் எந்த அளவு லேத், எவ்வளவு காலி நேரம் என்ற பொதுப் பட்டியலையாவது வைத்திருந்தால் முதல் படியாக இருக்கும். விலை பேசாத பட்டியல். அதற்கே நிறைய நம்பிக்கை தேவைப்படும்.

ஃபெரைட் வரைபடம்

மத்திய அரசு 2025 நவம்பரில் 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஆண்டுக்கு 6,000 டன் அரிய மண் காந்தங்களை உள்நாட்டில் செய்யும் திறன் இலக்கு. ஆலை எழுப்ப இரண்டாண்டு அவகாசம். மூலப்பொருள் நம் மணவாளக்குறிச்சி மணலில்கூட இருக்கிறது. ஆனால் அந்த மணலில் உள்ள மோனசைட் கனிமத்தில் கிடைப்பவை பெரும்பாலும் நியோடிமியம் போன்ற இலேசான வகைகள்; சூட்டைத் தாங்க வைக்கும் டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் அதில் மிகச் சொற்பம். காந்த ஆலை வந்த பிறகும் அந்தச் சிறிதளவுக்கு வெளியே கையேந்த வேண்டியிருக்கும்.

ஆகவே வண்டிக்காரர்கள் மோட்டாரையே மாற்றப் பார்க்கிறார்கள். ஓலா தன் ஃபெரைட் மோட்டாருக்கு 2025 அக்டோபரில் அரசுச் சான்று பெற்றதாக அறிவித்தது. சிம்பிள் எனர்ஜி, டிஸ்ப்ரோசியம், டெர்பியம் போன்ற கன அரிய மண் தனிமங்கள் இல்லாத மோட்டாரை அறிவித்தது. ஃபெரைட் என்பது இரும்பு ஆக்சைடு சார்ந்த மலிவான காந்தம், ஒலிபெருக்கியில் இருப்பது. நியோடிமியக் காந்தத்தோடு ஒப்பிட்டால் அதன் வலு மூன்றில் ஒரு பங்குதான், ஆகவே அதே இழுவைக்கு ரோட்டார் பெரிதாக வேண்டும்.

சீனாவிலோ, 2025 அக்டோபர் 9 அன்று அறிவித்த கூடுதல் கட்டுப்பாடுகளை 2026 நவம்பர் 10 வரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் 4ஆம் தேதிக் கட்டுப்பாடுகள் அப்படியே இருக்கின்றன.

நான் விசாரிக்கும் மோட்டார் நிறுவனமும் ஃபெரைட் ரோட்டார் ஒன்றைச் சோதனைக்கு எடுத்திருக்கிறது. அதன் ஷாஃப்ட் வரைபடம் பட்டறைக்கு வந்துவிட்டது. நீளம் கூடுகிறது, நடு விட்டம் பெரிதாகிறது. இப்போதுள்ள கம்பி அளவு பொருந்தாது. கிரைண்டிங் இயந்திரத்தில் புதிய பிடிமானமும் அளவு பார்க்கப் புதிய கேஜ்களும் வேண்டும். மாதிரிக்கு ஐம்பது ஷாஃப்ட் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பிடிமானத்துக்கும் கேஜுக்கும் பணம் யார் தருவது என்று உரிமையாளர் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். சோதனை வெற்றி பெற்றால் உருப்படி விலையில் சேர்த்துத் தருகிறோம் என்று பதில் வந்திருக்கிறது. எத்தனை உருப்படிக்குள் என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். அதற்கு இன்னும் பதில் இல்லை. கம்பிக்கு மட்டும் ஆர்டர் போட்டிருக்கிறார்.